நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

மேம்பாலத்துக்கு அடியில் நின்று ஆட்டோ புக் செய்தேன். இரண்டே நிமிடத்தில் ஓட்டுநரிடமிருந்து போன்: "சார், லொகேஷன் எதிர்ப்பக்கம் காட்டுது, நீங்க எங்க நிக்கிறீங்க?" செயலியின் நீலப் புள்ளி என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு கண்ணில் பட்டால்தான் போன் தன் இடத்தைச் சரியாகக் கணிக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் அதற்கு வழியில்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலோ தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் அக்கம்பக்கத்து வைஃபை, செல் டவர் எல்லாவற்றையும் சேர்த்துப் போன் ஒரு கணக்குப் போடுகிறது. அவசரத்துக்குக் கடைசியாகத் தெரிந்த இடத்தையே எடுத்து நீட்டுவதும் உண்டு.

சார்ஜை மிச்சம் பிடிக்கும் இந்தச் சிக்கனம் கெட்டிக்காரத்தனம்தான். மழை வருமா என்று பார்க்க ஊர் தெரிந்தால் போதும். அதற்காக நொடிக்கு நொடி ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் கிடக்கும் செயலிக்கு மணிக்குச் சில தடவை மட்டுமே இடம் சொல்வேன் என்று கறாராக நின்றதும் இதற்காகத்தான்.

கோளாறு வேறு இடத்தில். போன் தரும் ஒவ்வொரு கணிப்போடும் அது எந்த நேரத்துக் கணிப்பு, எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற விவரமும் வருகிறது. பல செயலிகள் அதைக் கண்டுகொள்ளாமல், ஊசிமுனைபோல ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிடுகின்றன. கூகுள் மேப்ஸ் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் போட்டு, 'இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்கிறது. அந்த நேர்மை ஆட்டோ செயலிக்கும் இருந்திருந்தால் ஓட்டுநர் யூ-டர்ன் தேடி அலைந்திருக்க மாட்டார்.

இதைவிட மோசம், தேவையே இல்லாமல் இடம் கேட்பது. டார்ச் அடிப்பதற்கென்றே இருந்த 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' செயலி, பயனரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக 2013இல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெளிச்சத்துக்கு முகவரி எதற்கு? 2020இல் ஐபோனிலும் 2021இல் ஆண்ட்ராய்டிலும் 'தோராயமான இடம் மட்டும்' என்ற தெரிவு வந்துவிட்டது. ஆனால் அதைத் தேடித் தொடுபவர்கள் குறைவு.

இன்றைக்கே செட்டிங்ஸில் லொகேஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'எப்போதும்' என்ற அனுமதியோடு அங்கே உட்கார்ந்திருக்கும் செயலிகளில் எத்தனைக்கு அது உண்மையிலேயே வேண்டும்?