கிளிமஞ்சாரோவில் காபி குடிப்பது எப்படி?

கிளிமஞ்சாரோ ஏறப் போகிறவர்கள் ஷூ, கையுறை, தூக்கப்பை என்று நீளமாகப் பட்டியல் போடுவார்கள். அதில் கால் கிலோ காபிக்கொட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டாம். தான்சானியாவின் அருமையான அராபிகா அந்த மலையின் சரிவுகளிலேயே விளைகிறது.

ஏறுவதற்கு முந்தைய நாள் பெரும்பாலும் மோஷி நகரில் தங்குவீர்கள். அன்று பக்கத்திலுள்ள மட்டெருனி கிராமத்துக்குப் போய்வாருங்கள். சாக்கா இன மக்களின் வீட்டுத் தோட்டங்களில் வாழை நிழலில் காபிச் செடிகள் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் வழியாக இங்கே வந்த பயிர் இது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் 1933-லேயே தொடங்கப்பட்டது. காய்ந்த கொட்டையை மர உரலில் போட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். தோலைப் புடைத்துவிட்டு விறகடுப்பில் வறுப்பார்கள். நிறம் மாறி, கொட்டை படபடவென்று வெடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். மலைக்கு வாங்கும்போது நடுத்தர வறுவலாகக் கேளுங்கள். நம்மூர்க் காபிப்பொடிக் கடைகளில் கேட்கும் பீபெரி இங்கேயும் கிடைக்கும்.

நடுத்தர வறுவல் ஏன் என்பது மேலே போனால் புரியும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. மச்சாமே என்னும் ஏறுபாதையின் முதல் முகாம் 2,835 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 90 டிகிரியில் கொதிக்கும். உச்சிக்கு முந்தைய பராஃபு முகாம் 4,673 மீட்டர். அங்கே சுமார் 85 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அந்தச் சூட்டில் இளவறுவல் கொட்டை தன் சாரத்தை முழுதாக விடாது.

அதனால் அங்கே டிகாஷனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் ஃபில்டர் இந்தக் குளிருக்கு ஒத்துவராது. கைமில்லில் வழக்கத்தைவிட நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிக்கு 15 கிராம் போதும். மூடியுள்ள ஃப்ளாஸ்க் குவளையை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். பிறகு பொடியைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றி, கலக்கி மூடி ஆறு நிமிடம் விடுங்கள். துணியில் வடிகட்டினால் காபி தயார்.

ரசனைக்கான இடம் இதற்குப் பிறகுதான். முதல் வாயைப் பால்பவுடரும் சர்க்கரையும் இல்லாமல் குடியுங்கள். கிளிமஞ்சாரோ காபிக்கு இயல்பிலேயே ஒரு புளிப்பு உண்டு. சரியாக இறங்காத காபியும் புளிக்கும். இரண்டும் ஒன்றல்ல. சரியாக இறங்காத புளிப்பு நாக்கின் ஓரத்தைச் சுண்டிவிட்டு மறைந்துவிடும். பின்னால் வெறும் தண்ணீர்தான். நல்ல புளிப்பு பழுத்த நாவல்பழத்தைப்போல இனிப்போடு வந்து, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும். கொஞ்சம் ஆறினால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். குளிரில் மூக்கும் மந்தமாகிவிடுகிறது; குடிப்பதற்கு முன் மூடியைத் திறந்து ஆவியை ஆழமாக முகருங்கள். முதல் முகாமிலும் பராஃபுவிலும் இப்படிக் குடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கொட்டையில் உயரம் என்ன செய்கிறது என்பதை நாக்கே சொல்லிவிடும்.

தினமும் காபி குடிக்கிறவர்கள் மலையில் திடீரென்று நிறுத்த வேண்டாம். அதனால் வரும் தலைவலியை உயர நோயின் தலைவலியோடு குழப்பிக்கொள்ள நேரும். காலையில் ஒன்று போதும். மதியத்துக்குமேல் வேண்டாம், அங்கே தூக்கம் வருவதே கஷ்டம். உச்சியை நோக்கிக் கிளம்பும் நள்ளிரவு மட்டும் விதிவிலக்கு. அப்போது ஒரு குவளை குடித்துவிட்டு நடக்கலாம். சக்கையை அங்கே கொட்டாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் டப்பா எடுத்துப்போவது நல்லது.

இன்னொன்று. முகாம்களில் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபிதான் கிடைக்கும். உங்கள் மூட்டையைச் சுமந்து வருகிறவர்களில் பலர் இந்தச் சரிவுகளின் கிராமத்துக்காரர்கள். வீட்டுத் தோட்டத்தில் காபிச் செடி பார்த்து வளர்ந்தவர்கள். கொட்டையைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி, அவர்களுக்கும் ஒரு குவளை போட்டுக் கொடுங்கள்.