அரசிக்குச் சிலை இருக்கிறது, அடுப்பூதியவளுக்கு?

1950 அக்டோபரில் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது ஓவியர் மணியத்துக்கு வயது 26. பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டை வாராவாரம் அவர் வரைந்து தர வேண்டும். தொடர் முடிய மூன்றரை ஆண்டு ஆயிற்று. குந்தவை என்றதும் இன்றும் பலர் மனக்கண்ணில் வந்து நிற்பது அவர் வரைந்த முகம்தான்.

நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை, குந்தவைக்கு மகுடம் போன்ற கொண்டை என்று கதாசிரியர் கல்கியே எழுத்தில் பிரித்து வைத்துவிட்டார். தோள்வளை, இடையணி, துணி மடிப்புக்கெல்லாம் சிற்பத்திடம்தான் போயாக வேண்டும். அங்கே பஞ்சமில்லை. கும்பகோணம் நாகேசுவரன் கோயில் சுவரில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் உருவங்களே ஓர் ஓவியனுக்குப் பல மாதப் பாடம். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களில் ஆடுமகளிரின் நகைகளை வண்ணத்திலேயே பார்க்கலாம்.

சிக்கல் மேலாடையில் வந்தது. சோழர் செப்புத் திருமேனிகளில் திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவிக்குக் கச்சை உண்டு, பூதேவிக்கு இல்லை. வீட்டுக்கு வீடு போகும் பத்திரிகையில் ஓவியர்கள் எந்தத் தேவி பக்கம் சாய்வார்கள்? அரசகுமாரி முதல் பணிப்பெண் வரை எல்லாரும் கச்சை கட்டிக்கொண்டார்கள். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சிற்பத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் புகுத்திவிடவில்லையே.

உண்மையான சோதனை அரண்மனைக்கு வெளியே இருக்கிறது. மண்சுவரும் கூரையும் ஆயிரம் ஆண்டு தாங்குமா? எளிய மக்களின் வாழ்க்கைக்குத் தாராசுரம் கோயிலின் சிறு சிற்பங்கள் கைகொடுக்கும். பெரியபுராணக் கதைகளின் சாக்கில் வண்ணாரும் வேடரும் அங்கே கல்லில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் அவை ஏறக்குறைய இரு நூற்றாண்டு பிந்தியவை. மிச்சத்துக்கு ஓவியர் தம் காலத்துக் கிராமத்தையே பார்க்கிறார். வழுக்குவதும் அங்கேதான். சோழர் வீட்டு முற்றத்தில் மிளகாய் காயக் கூடாது. கடைத்தெருவில் தக்காளி குவிந்திருக்கக் கூடாது. பூக்காரி கூடையில் செண்டுமல்லி இருக்கக் கூடாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தவை. அன்றைய குழம்புக்குக் காரம் மிளகுதான்.

சரித்திரக் கதைக்கான படம் எதைப் பார்த்தாலும் நாயகியின் கண்களை விட்டுக் கொஞ்சம் பின்புலத்தையும் கவனியுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ நாயகன் வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழையும் காட்சியில் வானளாவப் பெரிய கோயில் விமானம் தெரிந்தால், படம் எத்தனை அழகாக இருந்தாலும் அது பிழைதான். அந்த 216 அடி விமானம் எழுந்து முடிந்தது 1010இல்; கதை நடப்பதோ இராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கும் முன்பு.