ஏலம் விளையும் இடமும் விலை விளையும் இடமும்

ஓர் ஊர் உலக நகராவது எதனால்? இவ்வினாவுக்கு விடைகூறும் நூல்களுள் பெரிதும் பேசப்படுவது, சாஸ்கியா சாசன் அம்மையார் 1991-இல் வெளியிட்ட ‘உலகளாவிய நகரம்’ என்னும் பொருள்தரும் ஆங்கில நூல். தொழில்கள் உலகெங்கும் சிதறச் சிதற, அவற்றை ஆளும் அதிகாரம் சில நகரங்களில் திரளும் என்பது அவர் கொள்கை. தலைமையகங்களை எண்ணுவதோடு அவர் அமையவில்லை. அவற்றுக்குத் துணைபுரியும் வங்கி, சட்டம், கணக்காய்வு முதலிய பணிகள் ஒருங்கே குவிவதே நியூயார்க், லண்டன், டோக்கியோ ஆகியவற்றின் வலிமை என நிறுவுகிறார்.

இக்கொள்கையைப் போடிநாயக்கனூரில் உரைத்துப் பார்ப்போம். நம் மலையின் ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் அப்பக்கம் சேர்ந்தன. காய்க்கு விலை பிறப்பதோ புற்றடியிலும் போடியிலும் உள்ள ஏலக்கூடங்களில். ஏலத்தை நெறிப்படுத்தும் நறுமணப் பொருள் வாரியம், 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் தலைமையகம் கொச்சியில். விளைநிலம் ஓரிடம், விலை ஓரிடம், விதி ஓரிடம். அவ்விலையையும் குவாத்தமாலாவின் விளைச்சலும் அரபு நாட்டுக் கஹ்வாக் கோப்பைகளும் அசைக்கின்றன. ஆக, அதிகாரம் ஒருங்கே திரளாமலும் ஓர் ஊர் சந்தையாக நிலைபெறலாம். காயின் பசுமையையும் பருமனையும் கண்டு தரமறியும் கண்ணும், கைமாற்றில் வளர்ந்த நம்பிக்கையுமே போடியின் முதல். இத்தகைய சிற்றூர்ச் சந்தைக்கு அந்நூலில் இடமில்லை.

‘ஏலம்’ என்னும் சொல் ஈண்டு இருபொருள்படும். காயின் பெயர் பழையது. விலைகூறலைக் குறிக்கும் சொல்லோ, அறிவித்தல் எனப் பொருள்படும் ‘இஃலாம்’ என்னும் அரபுச் சொல்லினின்று போர்த்துக்கேயர் வழி வந்தது என்பர். அறிவிப்பது விலையை மட்டுமே, உழைப்பையன்று.

இவ்விடத்தில் இப்னு கல்தூன் நமக்குத் துணையாகிறார். அரசின் இருக்கைக்கு அணித்தான ஊர் செழிக்கும், அரசு வீழின் அவ்வூரும் தளரும் என்பதை 1377-இல் இயற்றிய ‘முகத்திமா’வில் அவர் விளக்கியுள்ளார். சாசனின் கொள்கைக்கு இது முன்னோடி எனலாம். ஆனால், ‘கஸ்பு’ எனும் ஈட்டம் மனித உழைப்பின் மதிப்பே என்பதையும் அதே நூலில் அவர் வற்புறுத்துகிறார்.

மாநகரங்களுக்குள் குறைந்த கூலிக்கு உழைப்போரைச் சாசன் மறக்கவில்லை. அது நூலின் சிறப்பு. எனினும் நகரெல்லைக்கு அப்பால் அவர் பார்வை நீளவில்லை. விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே காயெடுப்புக்குச் செல்லும் பெண்களின் உழைப்பன்றோ, கீழே விலையாகி, கொச்சியில் கணக்காகி, கடல் கடக்கிறது? ஒரு நகரின் வலிமையை அளப்போர், அதன் மாடங்களை மட்டும் அளந்தால் போதாது. அதற்காக வளையும் முதுகுகளையும் எண்ணவேண்டும். இக்குறையை நிரப்பிக்கொண்டு பயில்வோர்க்கு இந்நூல் மிகப் பயன்தரும்.