சீல் வைத்த என்ஜின்

வேங்கிக்காலில் பைக் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என்னிடம் மல்லுக்கு நின்றார். "எல்லாருக்கும் ஒரே வண்டி குடுத்தாத்தாண்ணே ஓட்டுறவன் திறமை தெரியும்." ஒன் மேக் ரேஸுக்கு எங்கும் சொல்லப்படும் நியாயம் இதுதான். சாட்சிக்குக் கோயம்புத்தூர் கரிவர்தனையும் இழுத்தார்.

கரிவர்தன் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. 1980களின் கடைசியில் மாருதி 800 என்ஜினை வைத்து அவர் கட்டிய ஃபார்முலா மாருதி இல்லையென்றால், நம் பையன்கள் பலர் ஒற்றை இருக்கைக் காரைத் தொட்டே இருக்க மாட்டார்கள். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் நினைவாகக் 'கரி' என்று பெயர் வைத்தது தகும்.

ஆனால் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது காரை மட்டும்தான். அதைக் கட்டிய கையை விட்டுவிட்டோம். ஒரே அச்சில் வார்த்த வண்டிகளில் ஓட்டுநர்கள் வரிசையாக வந்தார்கள்; இன்னொரு கரிவர்தன் வரவில்லை. எப்படி வருவார்? என்ஜினுக்குச் சீல். கை வைத்தால் தகுதிநீக்கம்.

கரிவர்தன் இறந்த அதே 1995இல், ரேஸ் பைக்கைத் தானே கட்டிய ஜான் பிரிட்டனும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இறந்தார், 45 வயதில். அவருடைய வி1000 பைக்கில் வழக்கமான டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இல்லை. ரேடியேட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும். தனி சேசிஸே கிடையாது. முன்பக்கமும் பின்பக்கமும் என்ஜினிலேயே மாட்டியிருக்கும். வீல்கூடக் கார்பன் ஃபைபர். 999 சிசி, 138 கிலோ. 1994இல் டேடோனா பந்தயத்தில் வென்றது. மேதை என்று பிரிட்டனைக் கொண்டாடுகிறவர்கள், அவரை உள்ளே விட்ட விதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. டேடோனாவில் அவருடைய வண்டி ஓடிய வகுப்பு, இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கானது. பெரிய கம்பெனி செய்ததா, வீட்டுக் கொட்டகையில் நாலு நண்பர்கள் செய்ததா என்று அது கேட்கவில்லை. நம் ஒன் மேக் ரேஸுக்கு அந்த பைக்கைக் கொண்டுவந்திருந்தால் ஸ்க்ரூட்டினியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

செலவு குறைகிறது என்பார்கள். குறையட்டும். ஆனால் கம்பெனி தன் வண்டியைத் தன் வண்டியோடு மோதவிட்டு, வென்றதும் தன் வண்டிதான் என்று போஸ்டர் ஒட்டுவதை நான் பந்தயம் என்று ஒப்பமாட்டேன். அது விளம்பரம். ஒருகாலத்தில் பந்தயத்துக்காகச் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்துக்கு ஆளுக்கொரு கோளாறும் ஆளுக்கொரு யோசனையுமாக வண்டிகள் வந்தன. அங்கே தோற்ற வண்டிகூட எதையாவது கற்றுக்கொடுத்தது.

தம்பியின் பட்டறையில், ஆர்எக்ஸ் 100க்காக அவரே தகடு வெட்டி, வளைத்து, வெல்டு வைத்த சைலன்சர் ஒன்று தொங்குகிறது. இதை எந்த ரேஸில் ஓட்டுவாய் என்று கேட்டேன். "ட்ராக் ரேஸ் இருக்குண்ணே." டிராக் (drag) ரேஸ் இருக்கிறது, நேர்கோட்டில் 402 மீட்டர். அதில் ஒரு வளைவுகூடக் கிடையாது. வண்டி கட்டத் தெரிந்தவனா என்று கேட்பதே வளைவுதான்.