எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். டிராயிங் பார்ப்பது, சிஎன்சி புரோகிராம் திருத்துவது, டெலிவரி சலான் போடுவது என எல்லாவற்றுக்கும் சூப்பர்வைசர் மேஜையில் ஒரே கணினி. ஷிப்ட் மாறினால் ஆளும் மாறுகிறார். இப்படிப்பட்ட கணினியில் மென்பொருள் நிறுவும்போது ‘இந்தப் பயனருக்கு மட்டுமா, அனைவருக்குமா’ என்று திரையில் வரும் கேள்வி சாதாரணமானதல்ல.

அனைவருக்கும் என்றால், சாதாரணக் கணக்கில் விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். தனக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் கேட்காது. மென்பொருள் அந்தப் பயனரின் கோப்புறைக்குள்ளேயே தங்கிவிடும். வேலை நிற்காது என்பது இதில் பெரிய வசதி. ஓசூர் போன்ற எல்லை ஊருக்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் இடத்தில் ஒருவர் தன் கணக்கில் தமிழ்99 விசைப்பலகை வைத்துக்கொள்ளலாம், அடுத்த ஷிப்ட்காரர் கன்னடம் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அமைப்பு மற்றவர் கையைக் கட்டாது. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் டிராயிங் மென்பொருளையும் இப்படியே கணக்குக்கு ஒன்றாகப் போடுவது தவறு. ஒவ்வொரு பிரதியும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். பகல் ஷிப்ட்காரர் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு, இரவுக்காரரின் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். அப்போது அவர் கையில் கிடைத்த பழைய பிரின்ட்டைப் பார்த்து லேத்தை ஓட்டினால், திருத்திய அளவு விட்டுப்போய், காலையில் அத்தனை உருப்படியும் ரிஜெக்ட்.

பென்டிரைவ் ஆபத்துக்கு இன்னொரு வாசல். பல பட்டறைகளில் புரோகிராம் இன்னும் அதில்தான் இயந்திரத்துக்குப் போகிறது. அட்மின் அனுமதியின்றி நல்ல மென்பொருள் உட்காரும் அதே இடத்தில், பென்டிரைவில் வந்த கெட்டதும் உட்காரும். சேதம் ஒரு கணக்கோடு நிற்கும் என்பார்கள். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை ஒட்டிவைத்து எல்லோரும் ஒரே கணக்கில் நுழையும் இடத்தில் அந்தத் தடுப்பும் இல்லை.

வேலைக்கான மென்பொருள் அனைவருக்கும் ஒரே பதிப்பாக, அட்மின் வழியாக ஒருமுறை நிறுவப்பட வேண்டும். விசைப்பலகை போன்ற சொந்தத் தேவைகள் அவரவர் கணக்கில் இருக்கட்டும். இதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்ல. கணினியைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரரிடமே அட்மின் பாஸ்வேர்டு இருந்துவிடுகிறது. முதலாளி முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.