டிசைனிங் விமென்: தொலைக்காட்சித் தொடர் விமர்சனம்

டிசைனிங் விமென் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1986 செப்டம்பர் 29 முதல் 1993 மே 24 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். ஏழு பருவங்களில் 163 அத்தியாயங்கள் வெளிவந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் சுகர்பேக்கர் அண்ட் அசோசியேட்ஸ் என்ற வீட்டு உள் அலங்கார நிறுவனத்தைச் சேர்ந்து நடத்தும் நான்கு பெண்களின் கதை இது. தொடரின் பெயர் இருபொருள் கொண்டது. வடிவமைக்கும் பெண்கள் என்பது ஒரு பொருள். சூழ்ச்சிக்காரப் பெண்கள் என்பது ஆங்கில வழக்கில் அதே சொற்களுக்குள்ள இன்னொரு பொருள்.

இன்று இத்தொடர் பெரும்பாலும் ஜூலியா சுகர்பேக்கர் என்ற கதாபாத்திரத்தின் ஆவேச உரைகளுக்காக நினைவுகூரப்படுகிறது. அவ்வுரைகள் தனியே வெட்டியெடுக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகின்றன. ஆனால் தொடரை முழுமையாகப் பார்க்கும்போது, அந்த உரைகளுக்கு வலுச் சேர்ப்பது உரைகளுக்கு வெளியே நடக்கும் ஒன்று என்பது தெரியவரும். ஒரே கூடத்தில் அமர்ந்து தொழில் செய்யும் பெண்கள் தங்களுக்குள் ஓயாமல் போடும் சண்டைதான் அது. அந்தச் சண்டை உயிரோடு இருந்த வரை தொடரும் உயிரோடு இருந்தது.

உருவாக்கம்

தொடரை உருவாக்கியவர் லிண்டா பிளட்வொர்த்-தாமசன். தம் கணவர் ஹாரி தாமசனுடன் இணைந்து இதைத் தயாரித்தார். தொடக்கப் பருவங்களின் பெரும்பாலான அத்தியாயங்களை அவரே எழுதினார். மிசௌரி மாநிலத்தின் பாப்லர் பிளஃப் அவருடைய சொந்த ஊர். சார்லீன் என்ற கதாபாத்திரத்தையும் அதே ஊர்க்காரியாக அமைத்தார். அமெரிக்கத் தென்பகுதிப் பெண்களின் நீண்டு வளைந்து செல்லும் பேச்சுமுறை அவர் கேட்டு வளர்ந்தது. ஒரு வரிக்கு ஒரு சிரிப்பு என்று எழுதப்பட்ட அக்கால நகைச்சுவைத் தொடர்களுக்கு நடுவே, ஒரு பக்கம் நீளும் வசனங்களை எழுதும் துணிவு அவருக்கு இருந்தது.

முதல் பருவத்தில் ஒளிபரப்பு நாள் மாற்றப்பட்டதால் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்து, தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. தரமான தொலைக்காட்சிக்காக இயங்கிய பார்வையாளர் அமைப்பு ஒன்று கடித இயக்கம் நடத்தியது. சிபிஎஸ் தொடரைத் திங்கட்கிழமை இரவுக்கே திரும்பக் கொண்டுவந்தது.

கதைமாந்தரும் தொழிலும்

நிறுவனம் இயங்குவது ஜூலியாவின் பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில். வெளித்தோற்றத்துக்குக் காட்டப்படும் வீடு ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் உள்ள வில்லா மார். அலுவலகமும் வரவேற்பறையும் ஒன்றாக இருப்பதால், வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சும் குடும்பப் பேச்சும் அங்கே பிரிவதில்லை.

ஜூலியா (டிக்சி கார்ட்டர்) கணவரை இழந்தவர், கறாரானவர். அவருடைய தங்கை சூசேன் (டெல்டா பர்க்) முன்னாள் அழகிப் போட்டி வெற்றியாளர். நிறுவனத்தில் பணம் போட்டவர், வேலை செய்யாதவர். மேரி ஜோ ஷைவ்லி (ஆனி பாட்ஸ்) விவாகரத்தானவர். இரண்டு குழந்தைகளை வளர்ப்பவர். சம்பாத்தியம் இல்லையென்றால் வீடு நடக்காது என்ற நிலையில் இருப்பவர் நால்வரில் இவரே. சார்லீன் (ஜீன் ஸ்மார்ட்) அலுவலக நிர்வாகி. யாரையும் எளிதில் நம்பிவிடுபவர். இவர்களோடு ஆந்தனி பூவியே (மெஷாக் டெய்லர்) என்ற கறுப்பின இளைஞர், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று மீண்டவர், சாமான்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு வருகிறார்.

திரைச்சீலைத் துணியும் தரைவிரிப்பும் இத்தொடரில் குறைவாகத்தான் காட்டப்படுகின்றன. அலங்கார வேலை எப்படி நடக்கிறது என்பதை இதைப் பார்த்து எவரும் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் யாருடைய பணம், யாருடைய உழைப்பு, யார் சொல்வது செல்லுபடியாகும் என்ற கேள்விகள் எப்போதும் இருக்கின்றன. உழைக்காத சூசேனுக்கும் பங்கு உண்டு. உழைத்தே தீரவேண்டிய மேரி ஜோவுக்கும் பங்கு உண்டு. கூட்டுத் தொழிலில் இருந்தவர்கள் இந்த மனத்தாங்கலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உள்ளே சண்டை, வெளியே அரண்

முதல் அத்தியாயத்திலேயே தொடரின் அமைப்பு முழுவதும் இருக்கிறது. மேரி ஜோவின் முன்னாள் கணவரோடு சூசேன் பழகத் தொடங்குகிறார். கூட்டாளிகளுக்கு நடுவில் இதைவிடச் சங்கடமான நிலை இருக்க முடியாது. அதே அத்தியாயத்தில் உணவகத்தில் நால்வரும் அமர்ந்திருக்க, ஆண் துணையில்லாத பெண்கள் தன் வருகைக்காகவே காத்திருப்பதாக எண்ணிக்கொண்டு ஒருவர் வந்து ஒட்டிக்கொள்கிறார். ஜூலியா அவரைப் பேசியே விரட்டுகிறார். ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது இந்த உரையை. ஆனால் உள்ளே அந்த மனஸ்தாபம் இருக்கும்போதே வெளியாளுக்கு எதிராக அவர்கள் ஒன்றாக நிற்பதுதான் காட்சிக்கு எடை தருகிறது.

அடுத்த அத்தியாயம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அழகிப் போட்டிகளை ஜூலியா மதிப்பதில்லை. தங்கையின் பழைய பெருமைகளைக் கேலி செய்பவர்களில் முதலாமவர் அவரே. ஆனால் அவ்வாண்டின் பட்டம் வென்ற இளம்பெண் சூசேனை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டதும், தீப்பந்தக் கோலைச் சுழற்றிய தங்கையின் மேடைத் திறனை ஒரு புராணம்போல் விவரித்து அப்பெண்ணை வாயடைக்க வைக்கிறார். என் தங்கையை நான் பேசலாம், நீ பேசக்கூடாது என்கிற உறவின் நியாயம் அது. ஜூலியா தம் கொள்கைக்கு முரணாகப் பேசுவதால்தான் அவ்வுரை மனத்தில் நிற்கிறது.

விலை கொடுத்த பேச்சு

1987 அக்டோபர் 5 அன்று ஒளிபரப்பான எய்ட்ஸ் பற்றிய அத்தியாயம் தொடரின் உச்சங்களில் ஒன்று. லிண்டா பிளட்வொர்த்-தாமசனின் தாய் ரத்தம் ஏற்றியதன் வழியாக எச்ஐவி தொற்றி இறந்தவர். மருத்துவமனையில் காதில் விழுந்த ஓர் இரக்கமற்ற பேச்சையே அத்தியாயத்தின் தலைப்பாக்கினார். கெண்டல் டாப்ஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் தம் இறுதிச் சடங்கை வடிவமைத்துத் தரும்படி இந்நிறுவனத்திடம் கேட்கிறார். நோயாளிகளுக்கு இது வேண்டியதுதான் என்று பேசும் வாடிக்கையாளர் பெண்ணை ஜூலியா வெளியேற்றுகிறார்.

இங்கே பேச்சுக்கு விலை இருக்கிறது. வெளியேற்றப்படுபவர் பணம் தரும் வாடிக்கையாளர். அதே வாரத்தில் மேரி ஜோ பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் கருத்தடைச் சாதனங்கள் பற்றி வாதிட வேண்டியிருக்கிறது. ஜூலியாவின் சொல்வன்மை அவருக்குக் கிடையாது. தயங்கி, தன் மகளை நினைத்துப் பயந்து, கடைசியில் பேசுகிறார். இரண்டு உரைகளில் மேரி ஜோவின் உரையே கடினமானது. அது குறைவாகவே நினைவுகூரப்படுவது பார்வையாளர்களின் பழக்கத்தைக் காட்டுகிறது.

1989 டிசம்பரில் வந்த சூசேனின் பள்ளித் தோழர் சந்திப்பு அத்தியாயமும் இவ்வகையில் சேரும். உடல் எடை கூடியதற்காகப் பழைய தோழர்கள் சூசேனைக் கேலி செய்கின்றனர். மிகவும் மாறியவர் என்று பரிசும் தருகின்றனர். அக்காலத்தில் டெல்டா பர்க்கின் எடையைப் பற்றிப் பரபரப்பு இதழ்கள் எழுதிக்கொண்டிருந்தன. இங்கே ஜூலியா குறுக்கிட்டுக் காப்பாற்றவில்லை. சூசேன் தானே மேடையேறி, வன்மமின்றிப் பதில் சொல்கிறார். இந்நடிப்புக்காகப் பர்க் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

குறைகள்

ஜூலியாவின் உரைகளில் எதிராளி பெரும்பாலும் பொம்மையாகவே நிற்கிறார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. பார்வையாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை உரத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் ஆபத்து இதில் உண்டு. இதற்கு முரணான செய்தி, டிக்சி கார்ட்டர் சொந்த வாழ்வில் பழமைவாத அரசியல் சார்புடையவர் என்பது. தமக்கு உடன்பாடில்லாத உரைகளைப் பேசுவதற்கு ஈடாகத் தொடரில் பாட வாய்ப்புக் கேட்டுப் பெற்றார்.

இன்னொரு குறை ஆழமானது. வெள்ளைப் பெண்கள் நால்வரின் வீட்டில் எடுபிடி வேலை செய்யும் கறுப்பின ஆண் என்ற அமைப்பைத் தொடர் கேள்வி கேட்காமலே தொடங்கியது. ஆந்தனி பின்னர் படிக்கிறார், நிறுவனத்தில் பங்குதாரராகிறார். பனியில் சிக்கி விடுதி அறையொன்றைச் சூசேனுடன் பகிரும் அத்தியாயத்துக்குப் பிறகு இருவரின் நட்பு தொடரின் அழகான இழைகளில் ஒன்றாகிறது. ஆயினும் பழைய தெற்கின் மாளிகை மோகத்தைத் தொடர் கடைசி வரை விடவில்லை. இறுதி அத்தியாயம்கூட, ஒரு பழைய பண்ணை மாளிகையைப் புதுப்பிக்கப் போகும் பெண்கள் கான் வித் தி விண்ட் நாயகியாகத் தங்களைக் கற்பனை செய்துகொள்வதாகவே அமைந்தது. அம்மாளிகைகளை எழுப்பியவர்களின் அடிமைத்தனம் பற்றி ஜூலியாவிடம் ஓர் உரை இருந்திருக்க வேண்டும்.

சரிவு

தயாரிப்பாளர்களுடன் பகிரங்கமாக ஏற்பட்ட பூசலுக்குப் பின் 1991இல் டெல்டா பர்க் விலகினார். ஜீன் ஸ்மார்ட்டும் விலகினார். ஜூலியா டஃபி, ஜான் ஹூக்ஸ் ஆகியோர் வந்தனர். வியப்பு என்னவென்றால், 1991–92 பருவத்தில்தான் தொடர் மிக அதிகமானோரால் பார்க்கப்பட்டது. கிளாரன்ஸ் தாமஸ் நீதிபதி நியமனத்தில் அனிதா ஹில் அளித்த சாட்சியத்தைப் பற்றிய அத்தியாயம், விசாரணை நடந்த சில வாரங்களிலேயே, 1991 நவம்பரில் வந்தது. அதன் வேகமும் கோபமும் மெய்யானவை.

ஆனால் டஃபி ஏற்ற அலிசன் பாத்திரம் மற்றவர்களால் நேசிக்கப்படவில்லை. சூசேன் என்ன செய்தாலும் அவர் தங்கை. அலிசன் பங்கு வைத்திருப்பவர் மட்டுமே. உள்ளே நடந்த சண்டை உறவின் சண்டையாக இல்லாமல் போயிற்று. உரைகள் அதே உரத்த குரலில் தொடர்ந்தன. கடைசிப் பருவத்தில் அலிசனுக்குப் பதிலாக ஜூடித் ஐவி பணக்கார விதவையாக வந்தார். தொடர் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டு, பார்வையாளர்களை இழந்து முடிவடைந்தது.

மதிப்பீடு

டிசைனிங் விமென் பெண்கள் ஒற்றுமையாக இருந்தால் வெல்லலாம் என்று சொல்லும் தொடர் அல்ல. ஒருவருக்கொருவர் எரிச்சலூட்டும் பெண்கள், பணத்தாலும் பழக்கத்தாலும் பாசத்தாலும் கட்டுண்டு, மறுநாள் காலையும் அதே கூடத்துக்கு வேலைக்கு வருவதைக் காட்டும் தொடர். டிக்சி கார்ட்டர் 2010இலும் மெஷாக் டெய்லர் 2014இலும் மறைந்தனர். புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் வெட்டியெடுத்த உரைத் துண்டுகளில் தொடங்காமல் முதல் ஐந்து பருவங்களின் அத்தியாயங்களை முழுமையாகப் பார்ப்பது நல்லது. உரைக்கு முந்தைய இருபது நிமிடம் அந்தப் பெண்கள் எதற்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்த உரை யாருக்காகப் பேசப்பட்டது என்பதும் விளங்கும்.