வெனிஸ்: கொலைக்கதை காட்டும் ஊர்

வெனிஸில் குற்றவாளியைக் காரில் துரத்த முடியாது. அங்கே கார் கிடையாது. போலீஸ்காரர் படகில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். முகவரி கையில் இருந்தாலும் வீடு கிடைத்துவிடாது. ஊர் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பேட்டை முழுக்க ஒரே வரிசையாக ஓடுகின்றன. காஸ்தெல்லோ பேட்டையில் அவை ஆறாயிரத்தைத் தாண்டுகின்றன. சந்துக்குள் நுழைந்தால், அது சில சமயம் நேராகத் தண்ணீரில் போய் முடியும். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நெடுங்காலம் இந்த ஊரைத் தொட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்களைக் கொண்டுவந்து இங்கே சாகடித்தார்கள். வில்கி காலின்ஸின் பேய் ஓட்டல் கதை (1878) இங்கேதான் நடக்கிறது. தாமஸ் மானின் ‘வெனிஸில் மரணம்’ (1912) துப்பறியும் கதை இல்லை. இருந்தாலும் அதற்குள் ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது. பயணிகள் ஓடிவிடுவார்களே என்று அதிகாரிகள் காலராவை மூடி மறைக்கிறார்கள். டாஃப்னி டு மாரியே 1971இல் எழுதிய கதையில், குழந்தையைப் பறிகொடுத்த ஆங்கிலேயத் தம்பதி இருட்டுச் சந்துகளில் வழி தவறுகிறார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பட்ரிசியா ஹைஸ்மித்தின் 1967ஆம் ஆண்டு நாவல், ‘விலகிப் போகிறவர்கள்’. மகள் தற்கொலை செய்துகொண்டதற்கு மருமகன்தான் காரணம் என்று நம்பும் மாமனார், இரவில் அவனைப் படகிலிருந்து தள்ளிவிடுகிறார். அவன் பிழைத்துவிடுகிறான். ஆனால் போலீசுக்குப் போகாமல், செத்தவனாகவே அதே ஊரில் ஒரு வாடகை அறையில் இருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் தேடுவதும் தவிர்ப்பதுமாகக் கதை நகர்கிறது. கால்நடையாகவே கடந்துவிடக்கூடிய சின்ன ஊரில் ஒளிந்திருப்பவனின் படபடப்பை இதைவிட நன்றாக யாரும் எழுதவில்லை என்பேன்.

உள்ளூர்க்காரன் துப்பறிய வந்தது 1990களில்தான். மைக்கேல் டிப்டினின் ஆரேலியோ ஸென் வெனிஸில் பிறந்தவன், ரோமில் வேலை பார்ப்பவன். ‘செத்த காயல்’ (1994) நாவலில் ஊர் திரும்புகிறான். பழைய நண்பர்கள், பிரிவினை அரசியல், குடும்ப ரகசியம் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே டோனா லியோனின் போலீஸ் அதிகாரி, கமிஸாரியோ புருனெட்டி வந்துவிட்டார். லியோன் அமெரிக்கர், பல ஆண்டுகள் வெனிஸில் வாழ்ந்தவர். முதல் நாவலில் ஃபெனிச்சே ஓபரா அரங்கில் வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ நடக்கும்போது இடைவேளையில் இசை நடத்துநர் இறந்து கிடக்கிறார், காப்பியில் சயனைடு. அதே அரங்கு 1996இல் நிஜமாகவே எரிந்தது. தீ வைத்ததாக இரண்டு மின்பணியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2003இல் மறுபடி திறந்தார்கள்.

புருனெட்டியின் வலிமை அவர் வீட்டில் இருக்கிறது. மதியம் நடந்தே வீட்டுக்குப் போய் மனைவி பாவோலாவின் கையால் சாப்பிடுகிறார். ‘மேலிடத்து நண்பர்கள்’ (2000) நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். நில ஆவண அலுவலகத்திலிருந்து இளைஞர் ஒருவர் வந்து, உங்கள் குடியிருப்புக்கு ஆவணமே இல்லை, சட்டப்படி இப்படியொரு வீடே கிடையாது என்கிறார். போலீஸ் அதிகாரியே அனுமதியில்லாமல் கட்டிய மாடியில் குடியிருக்கிறார்! வந்தவருக்கு உயரம் என்றால் பயம். மொட்டைமாடிப் பக்கமே வரத் தயங்குகிறார். பிறகு அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனதாகச் செய்தி வருகிறது. உயரத்துக்கு அஞ்சுகிறவர் சாரத்தில் ஏன் ஏறினார்? கட்டட அனுமதி, லஞ்சம், தெரிந்தவர் சிபாரிசு என்று இந்த ஊர் ஓடும் விதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து விரிகிறது. எந்த வழிகாட்டிப் புத்தகமும் அங்கே கூட்டிப்போகாது.

மார்கெரா ஆலைகளின் நச்சு, முரானோ கண்ணாடிப் பட்டறைகள், காயலில் மீன் பிடிப்பவர்கள் என்று லியோன் தொடாத இடம் குறைவு. பிற்காலப் புத்தகங்கள் சிலவற்றில் குற்றம் மெலிந்து, கவலை பெருத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கவலை நியாயமானது. 1951இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள்; 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் பயணியர் விடுதிகளாகிவிட்டன. 2024 ஏப்ரலிலிருந்து கூட்டம் அதிகமுள்ள நாட்களில், ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புருனெட்டி நடந்த வழியைப் பின்பற்ற வாசகர்களுக்குத் தனி நடைவழி நூலே வந்திருக்கிறது. பயணிகளால் ஊர் மூச்சுத் திணறுகிறது என்று வருந்தும் நாவல்களே மேலும் பயணிகளை அழைத்து வருகின்றன. தன் புத்தகங்களை இத்தாலிய மொழியில் பெயர்க்க லியோன் சம்மதிக்கவில்லை. வாழும் ஊரில் புகழ் வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு கூட்டம் தாங்காமல் அவரே சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்.

இந்த நாவல்களைப் படித்தவர் போகாமல் இருக்க மாட்டார், தெரியும். போகிறவர் நவம்பரில் போகட்டும். மூடுபனி கதைகளில் வருவதுபோலவே இருக்கும். சான் மார்க்கோ சதுக்கத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டு, காஸ்தெல்லோவின் கிழக்குக் கோடிக்கு நடக்கலாம். அங்கே இன்னும் சந்துக்குச் சந்து துணி காய்கிறது. ஒரே நாளில் திரும்பாமல் சில இரவுகள் தங்க வேண்டும், உள்ளூர்க்காரர் நடத்தும் கடையில் சாப்பிட வேண்டும். பையில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் என்றால், நான் ஹைஸ்மித்தை விட்டுவிட்டு ‘மேலிடத்து நண்பர்க’ளைத்தான் வைப்பேன்.